கூட்டத்துக்குள் கந்தன்

ஜி. நாகராஜனின் 'நாளை மற்றுமொரு நாளே' பற்றிக் கல்லூரியில் பேச வேண்டும். கொடுத்த தலைப்பு 'தனிமை'. நாவலின் நாயகன் கந்தனைச் சுற்றித்தான் எப்போதும் ஆட்கள் இருக்கிறார்களே, தனிமையை எங்கே தேடுவது?
– கல்லூரி மாணவி, பரவை

ஆட்களை எண்ணாதீர்கள், யார், எதற்காக வருகிறார்கள் என்று பாருங்கள். உங்கள் ஊர் காய்கறி மார்க்கெட்டில் விடியற்காலையில் ஆயிரம் பேர் பேசுவார்கள், எல்லாம் விலைப் பேச்சு. கந்தனின் உலகமும் கிட்டத்தட்ட அப்படித்தான்: குடி, தரகு, கொடுக்கல் வாங்கல்.

1974இல் வந்த நாவல், ஒரே ஒரு நாளின் கதை. அந்த நாளில் கந்தனின் மனைவி மீனாவைக் கவனியுங்கள். தனக்குப் பிறகு அவள் கதி என்ன என்ற கவலை கந்தனுக்கு இருக்கிறது. அதற்கும் அவன் தேடுவது ஒரு தரகு ஏற்பாட்டைத்தான். பாசத்தைக்கூடத் தொழில் பாஷையில்தான் சொல்லத் தெரிகிறது. தனிமை அங்கே இருக்கிறது. காணாமல் போன மகனைப் பற்றிய இடங்களையும் நிதானமாகப் படியுங்கள்.

ஒப்பிட ஸ்டைன்பெக்கின் 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' (1937) குறுநாவலை எடுக்கலாம். அதில் கறுப்பினத்தவரான குரூக்ஸை மற்றவர்கள் ஒதுக்கி, குதிரை லாயத்தை ஒட்டிய அறையில் தனியே வைத்திருக்கிறார்கள். கந்தனை யாரும் அப்படித் தனி அறையில் தள்ளவில்லை.

பேச்சை மீனாவிலிருந்து தொடங்குங்கள். 'தனிமை கொடியது' என்று ஆரம்பித்தால் பின்வரிசை கேன்டீனுக்குக் கிளம்பிவிடும்.