ஆராய்ச்சிக்குத் துணைநிற்கும் தளங்கள்: கொச்சி தரும் பாடம்

ஆராய்ச்சி என்றவுடன் நம்மில் பலருக்குத் தனியறையில் அமர்ந்து நூல்களைப் புரட்டும் ஓர் அறிஞரின் உருவமே மனக்கண்முன் தோன்றும். அறிவும் உழைப்பும் உடைய ஒருவர் இருந்தால் போதும், ஆராய்ச்சி தானே நடந்துவிடும் என்றும் எண்ணுகிறோம். இவ்வெண்ணம் முழுதும் தவறன்று, ஆயினும் குறையுடையது. எத்துணைச் சிறந்த ஆராய்ச்சியாளராயினும் அவர் ஊன்றி நிற்க ஒரு தளம் வேண்டும். அத்தளம் கப்பலாக இருக்கலாம். ஆவணக் காப்பகமாக இருக்கலாம். மீன் இறங்கும் துறையாகவோ, வானை நோக்கிய ரேடாராகவோ இருக்கலாம். துறைக்குத் துறை தளம் வேறுபடும். எந்தக் கேள்விக்கு எந்தத் தளம் ஏற்றது என்று தெரிந்துகொள்வது ஆராய்ச்சி மாணவனுக்கு முதற்பாடம் ஆகும்.

இப்பாடத்தைக் கற்க நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நாம் வாழும் இக்கொச்சி நகரும், அதன் பழம்பகுதியாகிய மட்டாஞ்சேரியும் கடந்த மூன்றரை நூற்றாண்டுகளில் பலவகைத் தளங்களைக் கண்டுள்ளன.

வயல், களம், குதிர்

தளங்களைப் பாகுபடுத்திப் பார்க்க உழவுத்தொழில் நமக்கு ஓர் எளிய வழியைக் காட்டுகிறது. நெல் விளைவது வயலில். பதரும் மணியும் பிரிக்கப்படுவது களத்தில். அடுத்த பருவத்துக்குக் காத்து வைக்கப்படுவது குதிரில். இம்மூன்றனுள் ஒன்று பழுதுபட்டாலும் உழவன் உழைப்பு வீணாகும். ஆராய்ச்சியும் இத்தகையதே. செய்தி திரட்டும் இடம் வயல். திரட்டியதைத் தரம் பிரித்துச் சரிபார்க்கும் இடம் களம். பின்வருவோர்க்காகக் காத்து வைக்கும் இடம் குதிர். இனிச் சில எடுத்துக்காட்டுகளை இக்கண்கொண்டு காண்போம்.

1. அறிஞர் அவை: மலபார்த் தாவர நூல்

1663-இல் டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றினர். 1670-களில் இங்கே அவர்களுடைய தலைவராக விளங்கியவர் வான் ரீடு என்பவர். மலையாள நாட்டுச் செடிகொடிகளையும் அவற்றின் மருத்துவப் பயனையும் தொகுக்க அவர் முனைந்தார். அதன் விளைவே ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ என்னும் லத்தீன் நூல். 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சாகியது. ஏறத்தாழ 740 செடிகள் அதில் இடம்பெற்றன.

இந்நூல் தனியொருவர் படைப்பன்று. சேர்த்தலைப் பகுதியைச் சேர்ந்த ஈழவ மருத்துவர் இட்டி அச்சுதன், கொங்கணி மருத்துவர்களாகிய ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர், கார்மல் சபைத் துறவி மத்தேயு, டச்சுப் பாதிரியார் கசேரியஸ், ஓவியர்கள், மொழிபெயர்ப்பாளர்கள் எனப் பலர் கூடி உழைத்தனர். அச்சுதன் சொன்னவை மலையாளத்திலிருந்து போர்ச்சுகீசியத்துக்கும், அதிலிருந்து லத்தீனுக்கும் சென்றன. செடியைக் கொண்டுவந்தவர், பெயர் சொன்னவர், பயன் கூறியவர், படம் வரைந்தவர், எழுதியவர் என வேலை பகிரப்பட்டது. இவ்வவையே அந்த ஆராய்ச்சியின் தளம்.

இதில் நாம் போற்றத்தக்க செய்தி ஒன்று உண்டு. 1675-இல் அச்சுதனும் கொங்கணி மருத்துவர் மூவரும் தத்தம் எழுத்தில் எழுதித் தந்த சான்றுரைகள் முதல் தொகுதியிலேயே அச்சிடப்பட்டன. அறிவைத் தந்தவர் யார் என்பது மறைக்கப்படவில்லை. அதனாலன்றோ இன்று அச்சுதன் பெயரை நாம் அறிகிறோம்!

எனினும் ஒரு குறையும் உண்டு. வயலும் களமும் சிறந்திருந்தன, குதிர் சிறக்கவில்லை. படங்களும் விளக்கங்களும் எஞ்சின. ஒப்பிட்டுப் பார்ப்பதற்குரிய உலர்செடித் தொகுப்பு அவற்றோடு எஞ்சவில்லை. 1753-இல் தம் தாவர நூலை வெளியிட்ட லின்னேயஸ், மலபார்ச் செடிகள் பலவற்றுக்கு இப்படங்களையே சான்றாகக் கொள்ள நேர்ந்தது. எந்தப் படம் எந்தச் செடி என்னும் ஐயம் பலவிடத்தும் எழுந்தது. அதனைத் தீர்க்கக் கோழிக்கோட்டுத் தாவரவியல் அறிஞர் கா. சு. மணிலால் பல பத்தாண்டுகள் உழைத்தார். செடிகளை அவற்றின் இடங்களுக்கே சென்று மீண்டும் திரட்டி, நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தார். 2003-இல் கேரளப் பல்கலைக்கழகம் அதனை வெளியிட்டது. ஒரு தலைமுறை காத்து வைக்கத் தவறியதை மீட்க, பின்னொரு காலத்தவர் வாழ்நாளையே செலவிட வேண்டியதாயிற்று.

2. பட்டயமும் ஆவணமும்

மட்டாஞ்சேரியில் 1568-இல் எழுந்த பரதேசி யூதர் தொழுகைக்கூடத்தைப் பலரும் கண்டிருப்பீர். அங்குக் காக்கப்பட்டு வந்த செப்பேடுகள் சேர மன்னன் பாஸ்கர ரவி, ஜோசப் ரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு வழங்கிய உரிமைகளைக் கூறுவன, வட்டெழுத்தில் பொறிக்கப்பெற்றவை.

இப்பட்டயத்தின் காலம் யாது? ஏட்டில் சகாப்தமோ கலியாண்டோ இல்லை. மன்னனின் ஆட்சியாண்டு மட்டுமே உளது. முப்பத்தாறாம் ஆண்டுக்கு எதிர் இரண்டாம் ஆண்டு, அதாவது முப்பத்தெட்டாம் ஆண்டு என்பது அதன் கணக்கு. மன்னன் எப்போது பட்டமேறினான் என்று தெரியாதவரை இவ்வெண்ணால் பயனில்லை. ஆதலின் இதனை நான்காம் நூற்றாண்டு என்றாரும் எட்டாம் நூற்றாண்டு என்றாரும் உளர். பின்னர் வரலாற்றறிஞர் எம். ஜி. எஸ். நாராயணன், அதே மன்னனின் பிற கல்வெட்டுகளோடு ஒப்பிட்டுக் கி.பி. 1000 எனக் காலத்தைத் துணிந்தார். தனி ஏடு எவ்வளவு அரியதாயினும் அது ஒற்றை நெல்மணியே. பல கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டு, வரிசைப்படுத்தப்பட்டு, யாரும் ஒப்பிட்டு நோக்கும் வண்ணம் ஓரிடத்தில் தொகுக்கப்படும்போதுதான் அது வரலாற்றுக்குத் தளமாகிறது.

டச்சு ஆவணங்களின் கதையும் அறியத்தக்கது. 1795-இல் ஆங்கிலேயர் கொச்சியைக் கைப்பற்றியபின், டச்சு அலுவலகத்துக் கடிதங்கள், நாட்குறிப்புகள், கணக்குகள் முதலியன அவர்கள் கைக்கு வந்தன. அவற்றுள் பெரும்பகுதி சென்னைக்குச் சென்று, இன்று எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கொச்சியின் பழைய வாழ்வை அறிய விரும்பும் கொச்சி மாணவன் சென்னைக்கு இரயிலேற வேண்டும்! 1743-இல் கொல்லனெஸ்ஸே என்பவரும், 1781-இல் மோன்ஸ் என்பவரும் தமக்குப்பின் வரும் தலைவர்க்காக எழுதிவைத்த அறிக்கைகளை 1911-இல் கல்லெட்டி என்பார் ஆங்கிலத்தில் வெளியிட்டார். மிளகு வாணிகத்துக்காக எழுதப்பட்ட ஏடுகள் இன்று குடிவரலாறு, மொழி, ஊரமைப்பு ஆகியவற்றை ஆராய்வார்க்கும் உதவுகின்றன. எழுதியவர் நினையாத கேள்விகளுக்கும் விடை தருவது காப்பகத்தின் இயல்பு.

3. கப்பலும் ஒரே அளவு வலையும்

இனிக் கடலுக்கு வருவோம். 1960-களின் முற்பகுதியில் அனைத்துலக இந்தியப் பெருங்கடல் ஆராய்ச்சிப் பயணம் நடைபெற்றது. பத்துக்கும் மேற்பட்ட நாடுகளின் ஏறத்தாழ 40 கப்பல்கள் அதில் பங்குகொண்டன. இந்தியாவின் சார்பில் சென்ற ‘கிருஷ்ணா’ கடற்படைக் கப்பல் ஆகும்.

கப்பல்கள் பல, கொடிகள் பல, அறிஞர் பலர். ஒருவர் பெரிய வலையும் மற்றொருவர் சிறிய வலையும் வீசினால், இருவர் திரட்டியதையும் எவ்வாறு ஒப்பிடுவது? இச்சிக்கலைத் தீர்க்கவே ஒரு பொது வலை வகுக்கப்பட்டது. அதன் வாய்ப்பரப்பு ஒரு சதுர மீட்டர், கண்ணளவு 0.33 மில்லிமீட்டர். அதனை 200 மீட்டர் ஆழத்துக்கு இறக்கி, செங்குத்தாக மேலே இழுக்க வேண்டும் என்பது விதி. இவ்வாறு திரட்டிய மிதவையுயிர்கள் கொச்சியில் நிறுவப்பட்ட இந்தியப் பெருங்கடல் உயிரியல் மையத்துக்கு அனுப்பப்பட்டன. அங்கே அவை இனம் இனமாகப் பிரிக்கப்பட்டு, அவ்வவ்வினத்தில் வல்ல அறிஞர்களிடம் சென்றன. முடிவுகள் படத்தொகுதிகளாக வெளிவந்தன. 1966 ஜனவரி 1-இல் தேசியக் கடலாராய்ச்சி நிறுவனம் தோன்றியபோது அம்மையம் அதன் கொச்சிக் கிளையாயிற்று.

கப்பல் வயல் என்றால் இம்மையமே களமும் குதிரும் ஆகும். கப்பலின் பெருமையை எல்லாரும் பேசுவர். நுண்ணோக்கியின் முன் குனிந்து ஆயிரமாயிரம் சிற்றுயிர்களை எண்ணிப் பிரித்தோரின் பெருமையைப் பேசுவார் சிலரே. அவர்கள் இன்றேல் கப்பல் கொணர்ந்தது புட்டிகளில் கிடந்த வெறும் கடல்நீரே. 2015 டிசம்பரில் கோவாவில் இரண்டாம் இந்தியப் பெருங்கடல் பயணத்திட்டம் தொடங்கியது. அரை நூற்றாண்டில் கடல் எவ்வாறு மாறியது என்று இன்று கேட்க இயல்வதற்கு, அன்று ஒரே அளவில் திரட்டிக் காத்து வைத்ததே காரணம்.

கடலாராய்ச்சிக்கென்றே டென்மார்க்கில் கட்டப்பட்ட 71.5 மீட்டர் நீளமுள்ள ‘சாகர் சம்பதா’ 1984-இல் நம் நாட்டுக்குக் கிடைத்து, கொச்சியைத் துறையாகக் கொண்டு இயங்கியது. மீனியலார், வேதியியலார், இயற்பியலார் ஆகியோர் ஒரே கப்பலில் ஒரே நாளில் ஒரே நீரை ஆராயும் வாய்ப்பை இத்தகைய கலம் அளிக்கிறது. உப்பின் அளவு தனி, மீனின் அளவு தனி என்றிராமல், இரண்டையும் தொடர்புபடுத்திக் காண இது வழிசெய்யும்.

4. மீன் இறங்குதுறை

எல்லாத் தளங்களுக்கும் பெரும்பொருள் வேண்டும் என்பதில்லை. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் 1947-இல் தொடங்கி, நெடுங்காலம் நம் தமிழ்நாட்டு மண்டபத்தில் இருந்து, 1971-இல் கொச்சிக்கு வந்தது. அந்நிலையத்தின் பெருஞ்செல்வம் கடற்கரைதோறும் நடைபெறும் மீன் கணக்கெடுப்பு ஆகும்.

நாட்டின் எல்லாப் படகுகளையும் எல்லா நாளும் எண்ணுதல் இயலாது. ஆதலின் கரையை வட்டாரங்களாகவும், மாதத்தை நாட்கூறுகளாகவும் பகுத்து, சில துறைகளையும் சில நாட்களையும் சில படகுகளையும் குலுக்கல் முறையில் தேர்ந்து எண்ணுவர். அதிலிருந்து முழுமையைக் கணிப்பர். சோற்றுக்குப் பதம் பார்ப்பது போன்றதே இது. ஆனால் நமக்குப் பிடித்த பருக்கையை எடுத்துப் பதம் பார்த்தல் கூடாது; தேர்வு நம் விருப்பத்துக்கு அப்பாற்பட்டதாக இருத்தல் வேண்டும்.

இத்தொடர் கணக்கின் பயனை மத்தி மீன் உணர்த்தும். கேரளத்தில் 2012-இல் ஏறத்தாழ 3.9 லட்சம் டன் மத்தி கிடைத்தது. 2021-இல் கிடைத்தது 3,297 டன் மட்டுமே. ஏழை எளியோரின் உணவாகிய மத்தி இவ்வாறு குறைந்ததற்கு மிகுதியான பிடிப்பு காரணமா, கடலின் வெப்பமாற்றம் காரணமா, இரண்டுமா என்று அறிஞர் ஆராய முடிகிறதென்றால், மழையிலும் வெயிலிலும் துறையில் நின்று எண்ணியவர்களே அதற்கு அடிப்படையிட்டவர்கள். ஓராண்டு எண்ணிவிட்டு நிறுத்தியிருந்தால் இக்கேள்வியே பிறந்திராது.

5. வானை நோக்கும் ரேடார்

கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2017-இல் ஒரு ரேடார் நிலையம் தொடங்கப்பட்டது. 619 வானலை வாங்கிகள் கொண்டு 205 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்குவது அது. மேல்நோக்கி அனுப்பப்படும் அலை, காற்றின் கொந்தளிப்பில் பட்டுச் சிறிது திரும்பி வருகிறது. காற்று நம்மை நோக்கி வந்தால் அலையின் அதிர்வெண் சற்றுக் கூடும். விலகிச் சென்றால் குறையும். அவ்வேறுபாட்டைக் கொண்டு வெவ்வேறு உயரங்களில் காற்றின் திசையையும் வேகத்தையும் கணிக்கலாம். பலூனைப் பறக்கவிட்டு அளக்கும் முறையில் நாளுக்குச் சில அளவைகளே கிடைக்கும். ரேடாரோ இடைவிடாது அளக்க வல்லது. தென்மேற்குப் பருவமழை நம் நாட்டில் முதலில் கால்வைக்கும் கரைகளுள் கொச்சியும் ஒன்றாதலின், இத்தளம் அமைந்த இடமும் பொருத்தமே.

நாம் கொள்ளவேண்டிய முடிவுகள்

இவ்வைந்தையும் ஒப்பிட்டு நோக்கின் நான்கு உண்மைகள் புலனாகும்.

முதலாவது, தளம் கேள்விக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். காற்றின் நொடி மாற்றத்தை ஆவணத்தில் தேடுவதும், 18-ஆம் நூற்றாண்டு வாணிகத்தை ரேடாரில் தேடுவதும் பயனற்றவை. இது வெளிப்படை எனத் தோன்றலாம். ஆயினும் கையில் இருக்கும் கருவிக்காகக் கேள்வியை வளைப்பவர் எல்லாத் துறையிலும் உளர்.

இரண்டாவது, அளவு பொதுவாக இருத்தல் வேண்டும். பொது வலை இன்றேல் நாற்பது கப்பல்களும் நாற்பது தனிக்கதைகளையே கூறியிருக்கும்.

மூன்றாவது, காத்து வைத்தலும் ஆராய்ச்சியின் பகுதியே. ஆய்வேடு எழுதி முடிந்ததும் குறிப்பேடுகளையும் கணினிக் கோப்புகளையும் கைவிடுவது, அறுவடை முடிந்ததும் விதைநெல்லைத் தெருவில் கொட்டுவதற்கு ஒப்பாகும்.

நான்காவது, அறிவு தந்தவரின் பெயரை மறைத்தல் ஆகாது. அயல்நாட்டு வாணிகக் கழகத்தின் தலைவர் ஒருவர் 1678-இல் இட்டி அச்சுதனின் சான்றுரையை அச்சேற்றினார். இன்று நாம் எழுதும் ஆய்வேடுகளில் மூலிகை காட்டிய முதியவருக்கும், படகில் ஏற்றிச்சென்ற மீனவருக்கும் ஒரு வரியேனும் இடமளிக்கிறோமா? ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்வது நலம்.

தமிழ் மாணவ நண்பர்களே! நமக்கென்று ஒரு தனிப்பேறும் உண்டு. தமிழ் கற்றவர் சிறிது முயன்றால் வட்டெழுத்தைப் படிக்கலாம். மலையாளம் நமக்கு அயலன்று. டச்சு ஆவணங்களோ நம் தலைநகரில் உள்ளன. மண்டபத்துக்கும் கொச்சிக்கும் உள்ள தொடர்பையும் முன்னரே கண்டோம். வரலாறு பயில்வோரும் கடலியல் பயில்வோரும் விடுதியில் ஒரே பந்தியில் உண்கிறோம். ஆயினும் ஒருவர் எந்தத் தளத்தில் நின்று உழைக்கிறார் என்பதை மற்றவர் அறியோம். திங்கள்தோறும் ஒரு மாலைப்பொழுதில் கூடி, ஒவ்வொருவரும் தம் துறையின் வயல் எது, களம் எது, குதிர் எது என்று பிறர்க்கு எடுத்துரைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! வான் ரீடின் அவையில் மருத்துவரும் ஓவியரும் துறவியரும் ஒன்றுகூடினர். அவ்வாறு கூடுவதற்கு நம் சங்கத்தின் சிறிய அறையே போதும்.