காற்று, தண்ணீர், மண்: தெருக்காரர்களே சோதிக்கலாம்

1. முதல் செலவு ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும். நாற்றம் அடித்த தேதி, மணி, எந்தப் பக்கத்துக் காற்று, எப்படிப்பட்ட நாற்றம் (அழுகிய முட்டையா, நகப்பூச்சா, சாக்கடையா), யாருக்குக் கண் எரிந்தது, எப்போது விட்டது என்று எழுதுங்கள். காற்றின் திசை பார்க்க மொட்டைமாடிக் கொடியில் கட்டிய துணி நாடா போதும். ஒருவர் எழுதினால் புலம்பல் என்பார்கள். நாலு தெருவில் தனித்தனியாக எழுதிய நேரங்கள் ஒத்துப்போனால் அப்படித் தள்ளிவிட முடியாது.

2. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் 2004-இல் வாளியில் காற்றைப் பிடித்தார்கள். இறுக மூடிய பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு தனிவகைப் பை இருக்கும். வாளியின் காற்றை உறிஞ்சி எடுத்தால், பை வெளிக்காற்றை இழுத்துக்கொண்டு உப்பும். அதை ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். 1990-களில் கலிபோர்னியாவில் பிறந்த முறை இது. ஆய்வகச் செலவு கையைக் கடிக்கும். எனவே நோட்டு காட்டிக்கொடுக்கும் நேரத்தில் மட்டும் பிடியுங்கள்.

3. தூசி மீட்டர் பனிக்காலையில் ஈரத்தையும் தூசியாக எண்ணிவிடும். அடுப்படி ஜன்னல், கொசுவத்தி அருகே வைக்க வேண்டாம். பிஎம் 2.5 என்ற நுண்தூசிக்கு நம் நாட்டு வரம்பு, 24 மணி நேரச் சராசரியில் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். ஒரு நிமிட எகிறலுக்குப் பதற வேண்டாம்.

4. டிடிஎஸ் பேனா கரைந்த உப்பைத்தான் காட்டும், கிருமியை அல்ல. லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு தண்ணீரே இல்லையென்றால் 2000 வரை. சாக்கடை கலந்த நீரும் இதில் பாஸாகலாம். ஃபில்டர் விற்பவர் டம்ளரில் கம்பியை விட்டுத் தண்ணீரைப் பழுப்பாக்கிக் காட்டுவாரே, அந்தப் பழுப்பு பெரும்பாலும் அவர் கம்பியின் இரும்புதான்!

5. கிருமிக்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு குப்பி. கோடு வரை நீர் நிரப்பி வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். ஓரிரு நாளில் கறுத்தால் மலக்கழிவு கலந்திருக்கலாம். கொதிக்க வைத்தே குடியுங்கள். கறுக்காததை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் மழைக்குப் பிறகும், குழாயின் கடைசி வீட்டிலும் அவசியம் பாருங்கள். கிராமத்தில் ஜல் ஜீவன் திட்டத்தின் சோதனைப் பெட்டியை ஊராட்சியில் கேளுங்கள். ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்பது திட்டத்திலேயே உண்டு.

6. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து போர் தண்ணீரில் ஃபுளோரைடு பாருங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க ஆகாது. கொதிக்க வைத்தால் போகாது. நீர் சுண்டச் சுண்டக் கூடும்.

7. மண் எடுக்க: வரப்போரம், மரத்தடி, எருக்குழி வேண்டாம். ‘வி’ வடிவில் 15 செ.மீ. வெட்டி, பத்து இடத்து மண்ணைக் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளி, அரைக் கிலோவாக்குங்கள். நிழலில் உலர்த்துங்கள். யூரியா சாக்கில் மட்டும் போடாதீர்கள். மண் ஆய்வுக்குப் பின் தரும் மண்வள அட்டையில் ஈயம், பூச்சிமருந்து வராது. ஆலைப் பக்கத்துத் தோட்டமென்றால் அவற்றைத் தனியாகக் கேட்க வேண்டும்.

8. சட்டப்படி செல்லுவது அதிகாரி முறைப்படி எடுக்கும் மாதிரிதான். மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் நோட்டின் நகலோடு மனு கொடுங்கள். அதிகாரி பகலில் வந்து முகர்ந்துவிட்டுப் போகாமலிருக்க, எந்த இரவு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று அதிலேயே எழுதுங்கள். மனு எண்ணையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.