மூளையின் கொழுப்பை ஆராயப் புகும் தம்பிக்கு



மருத்துவப் பட்டம் பெற்ற கையோடு மூளையின் கொழுப்புப் பொருள்களை ஆராயப் புகுந்திருப்பதாகவும், இரத்தத்தை உறையச் செய்யும் வைட்டமின் கே-க்கு மூளையில் என்ன வேலை என்று உன் சகாக்கள் நகைப்பதாகவும் எழுதியிருந்தாய். நகைக்கட்டும். அந்த வைட்டமினின் சரித்திரமே கொழுப்பைப் பற்றிய ஒரு கேள்வியில் ஆரம்பித்ததென்பது அவர்களுக்குத் தெரியாது போலும். கோழிக்குஞ்சு தன் உடலிலேயே கொலஸ்டிராலை ஆக்கிக்கொள்ள வல்லதா என்று அறியவேண்டி, 1929-ஆம் ஆண்டில் கோபன்ஹேகனில் ஹென்ரிக் டாம் கொழுப்பு நீக்கிய தீனியைக் கொடுத்து அவற்றை வளர்த்தபோதுதான், தோலுக்கடியிலும் தசையிலும் இரத்தம் கசிவதைக் கண்டார். அந்தக் கசிவு அவருக்கு 1943-ஆம் வருஷத்து நோபல் பரிசைத் தேடித் தந்தது. மற்றவர்களுடைய கவனத்தையும் வெகுகாலம் தன்னிடமே நிறுத்திக்கொண்டது.

நம்மை மீண்டும் கொழுப்பின் பக்கம் திருப்பியது மாட்டின் இரைப்பையில் வாழும் ஓர் அற்பப் பாக்டீரியா. வைட்டமின் கே இன்றி அது வளர்வதில்லை என்று 1958-ல் மெயர் லெவ் காட்டினார். உறைய வேண்டிய இரத்தமே இல்லாத ஓர் உயிருக்கு இந்த வைட்டமின் எதற்கு? இந்தக் கேள்வியை விடாமல் பற்றிக்கொண்டு சென்ற லெவ், அது குறைந்தால் ஸ்பிங்கோலிப்பிடுகள் என்ற கொழுப்புப் பொருள்களின் உற்பத்தி தளர்வதைப் பின்னாளில் கண்டறிந்தார். நம் நரம்பு இழைகளைப் போர்த்தியிருக்கும் மையலின் உறையில் நிறைந்துள்ள ஸல்ஃபடைடும் அந்த வர்க்கத்தைச் சேர்ந்ததே. சுந்தரம் என்ற ஆராய்ச்சியாளரும் லெவும் 1988-ல், வைட்டமின் கே-யின் செயலைத் தடுக்கும் வார்ஃபரினை இளம் சுண்டெலிகளுக்குக் கொடுத்தபோது மூளையில் ஸல்ஃபடைடு குறைந்தது. வைட்டமினைக் கொடுத்ததும் அது மீண்டது. பின்னர் வந்த ஆராய்ச்சியில், ஆயுள் முழுதும் இந்த வைட்டமின் குறைந்த தீனியையே தின்ற எலிகள் முதுமையில் பாதையைக் கற்பதில் பின்தங்கின. அவற்றின் ஹிப்போகாம்பஸில் அதே வர்க்கத்துச் செராமைடு மிகுந்திருந்தது.

இவ்வளவும் படித்தபின் ஒரு சித்தாந்தத்தைக் கட்டிவிட மனம் துள்ளும். அங்கேதான் நீ நிதானிக்க வேண்டும். கல்லீரலில் இந்த வைட்டமின் குளுடாமிக் அமிலத்தோடு கார்பாக்ஸில் தொகுதியைச் சேர்க்க உதவுகிறதென்பது 1974 முதல் நிச்சயமாயிற்று. மூளையிலும் காஸ்-6 என்ற புரதம் அவ்விதமே பக்குவமாகிறது. ஆனால் ஸல்ஃபடைடை ஆக்கும் நொதி ஊக்கம் பெறுவதும் அந்த வழியாலேயா, வேறு வழியாலா என்பது இன்னும் தீராத வழக்கு. போதாக்குறைக்கு, கீரையின் மூலம் நாம் உண்பது ஃபில்லோகுவினோன், மூளையில் பெரும்பாலும் இருப்பதோ மெனாகுவினோன்-4. ஒன்றை மற்றொன்றாக மாற்றும் நொதியை ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2010-ல்தான் அடையாளம் கண்டார்கள். எந்த வடிவத்தைப் பற்றிப் பேசுகிறாய் என்று சொல்லாமல் வெறுமனே 'வைட்டமின் கே' என்றெழுதும் கட்டுரையை, அது உன்னுடையதாயினும், நான் சந்தேகத்துடனேயே படிப்பேன்.

வார்ஃபரின் உட்கொள்ளும் முதியவர்களின் ஞாபகசக்தியை அளந்து பார்க்கலாமே என்று கேட்டிருந்தாய். இதயத் துடிப்பு ஒழுங்கு தப்பியவர்களுக்கே அந்த மருந்து பெரும்பாலும் தரப்படுகிறது. அந்த நோயே சிறு சிறு அடைப்புகளால் மூளையைக் கெடுக்கவல்லது. குற்றம் மருந்தினுடையதா, நோயினுடையதா என்று பிரிக்க வகை தேடாமல் அந்தக் கணக்கில் இறங்காதே. அதைவிட முக்கியமானது, எலியின் மூளையைக் காரணங்காட்டி எந்த நோயாளியின் மருந்தையும் நிறுத்தச் சொல்லாதே. பக்கவாதம் வந்தபின் ஸல்ஃபடைடைப் பற்றி வியாக்கியானம் செய்து பயனில்லை. அவர் தினமும் உண்ணும் கீரை ஏறத்தாழ ஒரே அளவாயிருக்கட்டும் என்று சொல்லுவதோடு வைத்தியராகிய உன் கடமை முடிந்தது.

பரிசோதனைச் சாலையைப் பற்றி ஒன்று. இந்த வைட்டமினுக்கு வெளிச்சம் ஆகாது, மாதிரிகளை மூடிவை. இரத்தத்தில் அது டிரைகிளிசரைடு மிகுந்த கொழுப்புத் துகள்களோடு சவாரி செய்வதால், உண்ட உணவுக்கேற்ப அளவு ஏறி இறங்கும். ஆகவே நோயாளியின் வயிறு வெறுமையாயிருக்கும்போதே இரத்தம் எடு, அதே மாதிரியில் டிரைகிளிசரைடையும் அளந்து இரண்டையும் சேர்த்தே குறித்துவை. அப்படிக் கிடைத்த எண்ணும் அண்மையில் உண்டதைச் சொல்லுமேயன்றி மூளைக்குள் இருப்பதைச் சொல்லாது. அதற்கு எலியின் மூளையையே எடுத்து, பகுதி பகுதியாகப் பிரித்து அளந்தாக வேண்டும். முதல் அளவீடுகள் கைக்கு வந்ததும், சராசரியை மட்டும் எழுதாமல், ஒவ்வோர் எலியின் எண்ணையும் தனித்தனியே எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் மூத்த தோழன்