பள்ளிக்கூடத்தில் பயிர்த்தொழிலும் பாகசாஸ்திரமும்

பயிர்த்தொழிலைப் பள்ளிக்கூடத்தில் கற்பிக்க வேண்டுமென்று பேச்செடுத்த மாத்திரத்தில் கிராமங்களில் இருவகை ஆட்சேபங்கள் எழுவது வழக்கம். நிலமுடையவர், "ஏர் பிடிக்கக் கற்பதற்கு என் பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டுமோ? அது வீட்டிலேயே கிடைக்கிறதே" என்பார். கூலிவேலை செய்து பிழைப்பவரோ, "மண்வெட்டியை விட்டு விலகட்டும் என்றல்லவா பிள்ளையை அங்கே அனுப்பினேன், அங்கேயும் மண்வெட்டிதானா?" என்பார். இவ்விரண்டையும் அறியாமை என்று தள்ளிவிடுவது நியாயமன்று. இரண்டிலும் உண்மை உண்டு. பள்ளித் தோட்டம் போட முற்படும் ஊரார் முதலில் இவ்விரண்டுக்கும் விடை வைத்துக்கொண்டு, பிறகு மண்ணைக் கொத்துவதே நலம்.

கூலிக்காரரின் ஆட்சேபத்துக்குச் சரித்திரம் உண்டு. 1953-ஆம் ஆண்டில், ஸ்ரீ சி. ராஜகோபாலாச்சாரியார் சென்னை ராஜ்யத்தின் முதன்மந்திரியாயிருந்தபோது, கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் பாட நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகச் சுருக்கி, மிகுந்த நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகும்படி ஏற்பாடு செய்யப்பட்டது. பெரியார் ஈ. வெ. ராமசாமியும் பிறரும் இதனைக் குலக்கல்வி என்று சொல்லிக் கடுமையாக எதிர்த்தனர். 1954-இல் ஸ்ரீ காமராஜர் முதன்மந்திரியான பின்னர் அத்திட்டம் கைவிடப்பட்டது. பாட நேரத்தைக் குறைத்து அவ்விடத்தில் தகப்பன் தொழிலை வைத்தால், உழவன் மகன் உழவனாகவும் வண்ணான் மகன் வண்ணானாகவுமே நிற்க நேரிடும் என்ற அச்சம் வீணான அச்சமன்று.

ஆயின், பாடத்தைக் குறைத்துத் தொழிலைச் சேர்ப்பது ஒன்று. தொழிலைக் கொண்டே பாடத்தை விளக்குவது வேறொன்று. 1937-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் வார்தாவில் காந்தியடிகள் முன்னிலையில் கூடிய மகாநாட்டில் தோன்றிய ஆதாரக் கல்வியின் நோக்கம் பின்னதேயாம். அக்கல்வியைச் சேவாகிராமத்தில் நடத்திக் காட்டியவர்களில் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தமிழரான ஸ்ரீ ஈ. டபிள்யூ. ஆரியநாயகம் என்பது நம்மவர் பலருக்குத் தெரியாத செய்தி. அங்கே தோட்டமும் சமையலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாயிருந்தன. எந்த வீட்டுப் பிள்ளை என்ற கேள்வியே எழவில்லை. அந்தப் பொதுத்தன்மையை விட்டுவிட்டால், மிராசுதார் மகன் நிழலில் நிற்கக் கூலிக்காரன் மகன் தண்ணீர் சுமக்கும் காட்சிதான் மிஞ்சும். அப்படி நடக்கும் தோட்டத்தை அன்றைக்கே மூடிவிடலாம்.

இனி நிலமுடையவரின் ஆட்சேபம். வீட்டில் பிள்ளை கற்பது வழக்கம். பள்ளியில் கற்க வேண்டுவது அவ்வழக்கத்தின் காரணம். 1908-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள மாசசூசெட்ஸ் மாகாணத்தில் ரூபஸ் ஸ்டிம்சன் என்னும் ஆசிரியர் ஒரு முறையை வகுத்தார். மாணவன் பள்ளியில் பாடம் கேட்பான். தகப்பனுடைய நிலத்தில் ஒரு துண்டைத் தன் பொறுப்பில் பயிரிடுவான். செலவையும் வரவையும் நாள்தோறும் எழுதுவான். ஆசிரியர் அந்நிலத்துக்கே சென்று பார்ப்பார். 1917-இல் அந்நாட்டில் இயற்றப்பட்ட தொழிற்கல்விச் சட்டம், பயிர்த்தொழில் பயிலும் மாணவன் ஆண்டுக்கு ஆறு மாதமாவது இவ்வாறு மேற்பார்வையில் வேலை செய்யவேண்டுமென்று விதித்தது. அச்சட்டத்தின்கீழ் நடைமுறையில் பயிர்த்தொழில் பெரும்பாலும் பையன்களுக்கும் மனையியல் பெண்களுக்குமாகப் பிரிந்துவிட்டது ஒரு குறை. கணக்கு எழுதும் வழக்கமோ நம் ஊருக்கு அப்படியே பொருந்தும். பல தலைமுறையாக உழுது வரும் வீடுகளிலும், ஓர் ஏக்கர் உளுந்துக்கு என்ன செலவாயிற்று என்று கேட்டால் குத்துமதிப்பாகவே விடை வருகிறது.

முதற்பாடம் விதையிலிருந்து தொடங்குவது சிறந்தது. நூறு விதையை எண்ணி, நனைத்த சாக்குத் துண்டில் வரிசையாகப் பரப்பிச் சுருட்டிக் கட்டி, ஈரம் உலராமல் நிழலில் வைத்து, நாள்தோறும் முளைத்தவற்றை எண்ணச் செய்யவேண்டும். சான்று பெற்ற விதையில் நூற்றுக்குக் குறைந்த பட்சம் நெல் 80, உளுந்து 75, வெண்டை 65 முளைக்கவேண்டுமென்பது விதி. ஏக்கருக்கு 8 கிலோ உளுந்து விதைப்பது வழக்கமாயிருக்க, கையிலுள்ள விதையில் 60 தான் முளைத்ததென்றால், 75-க்கு ஈடு செய்ய எத்தனை கிலோ வேண்டும்? 10 கிலோ. இது கணக்குப் பாடமா, பயிர்ப் பாடமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதுவே இதன் நயம். இப்படிக் கற்ற பிள்ளை வீட்டுக்குப் போய்ப் பத்தாயத்திலிருந்து நூறு விதையைக் கேட்கும். தகப்பனார் சிரித்துக்கொண்டே கொடுத்தாலும், முளை எண்ணிக்கை தெரிந்தபின் சிரிப்பு அடங்கிவிடும்.

நெல் விதைக்கு உப்புக்கரைசல் சோதனை உண்டு. தண்ணீரில் ஒரு புதிய கோழிமுட்டையைப் போட்டால் மூழ்கும். உப்பைச் சிறுகச் சிறுகக் கரைத்து வந்தால், முட்டை மேலெழுந்து அதன் தலைப்பக்கம் ஒரு சிறு நாணயம் அளவுக்கு வெளியே தெரியும். அந்நிலையில் விதை நெல்லைக் கொட்டினால் பதரும் அரைமணியும் மிதக்கும். திண்ணிய மணி அடியில் தங்கும். தங்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசாவிடில் உப்பு முளையைக் கெடுக்கும். முட்டை ஏன் மிதந்தது என்பதை ஆசிரியர் விளக்கினால் பௌதிக பாடமும் முடிந்துவிடும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். கடையில் வாங்கும் விதைகள் பல, மருந்து கலந்து நிறமேற்றப்பட்டவை. முளைவிட்ட பயறு உண்பதற்கு நல்லதென்று சமையல் வகுப்பில் கேட்ட பிள்ளை, சோதனைக்கு வைத்த முளையை வாயில் போட்டுக்கொள்ளக்கூடும். ஆதலால் சோதனைக்கு வீட்டு விதையையே கொள்ளவேண்டும். மருந்திட்ட விதை எது, உண்ணும் பயறு எது என்பதை முதல் நாளே காட்டிவிடவேண்டும். பள்ளித் தோட்டத்தில் கடை மருந்தே வேண்டியதில்லை. வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் ஓரிரவு ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்பு சேர்த்துத் தெளித்தால் அசுவினி முதலிய பூச்சிகள் பெரும்பாலும் அடங்கும்.

பயிர்த்தொழில் பாடம் அறுவடையோடு நின்றுவிட்டால் அது பாதிப் பாடமே. விளைந்தது உடம்பில் சேரும் வரையில் கற்பிப்பதற்குத்தான் பாகசாஸ்திரம் வேண்டும். 2019-21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிலும், 15 முதல் 49 வயது வரையிலான பெண்களிலும் பாதிப்பேருக்கு மேல் இரத்தச் சோகை உடையவர்கள். முருங்கையும் அகத்தியும் வேலியில் வளரும் நாட்டில் இந்நிலை இருப்பது விசாரிக்கத்தக்கது. இதற்குக் காரணம் பல. அடுப்பங்கரைப் பழக்கமும் அவற்றுள் ஒன்று. கீரையை நறுக்கிய பின் அலசினால், தண்ணீரில் கரையும் சத்துக்கள் அதனோடு போய்விடுகின்றன. இதை வாயால் சொல்வதைவிட, ஒரு கைப்பிடிக் கீரையை நறுக்கி அலசியும், மற்றொரு கைப்பிடியை அலசி நறுக்கியும் இரண்டு தண்ணீரையும் கண்ணாடிக் குவளையில் வைத்துக் காட்டினால் போதும். கீரையில் சிறிது எண்ணெய் சேர்த்தால் கண்ணுக்கு வேண்டிய சத்து உடம்பில் நன்றாகச் சேரும் என்பதையும், எலுமிச்சஞ்சாறு பிழிந்துகொண்டால் இரும்புச்சத்து மிகுதியாகச் சேரும் என்பதையும் உடன் சொல்லலாம்.

அரிசிப் பாடம் இன்னும் பெரியது. டாக்டர் ராபர்ட் மக்காரிசன் குன்னூரில் தொடங்கிய ஆராய்ச்சிசாலை, 1958-இல் ஐதராபாத்துக்கு மாறும் வரையில் உணவு விஷயத்தில் அரிய வேலை செய்தது. பழைய சென்னை மாகாணத்தின் வடகோடியிலிருந்த தெலுங்குக் கரை ஜில்லாக்களில், மில்லில் தீட்டிய பச்சரிசியை உண்டவரிடையே பெரிபெரி என்னும் நோய் மிகுந்திருந்தது; புழுங்கலரிசி உண்ட தமிழ் ஜில்லாக்களில் அது அரிது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து மணிக்குள் இறங்கிவிடுவதே காரணம். ஒரு படி நெல்லைப் பள்ளியிலேயே ஊறவைத்து, அவித்து, உலர்த்தி, குற்றிக் காட்டலாம். அரிசியைப் பலமுறை களைவதாலும், கஞ்சியை வடித்துக் கொட்டுவதாலும் மறுபடியும் சத்து இழக்கப்படுவதை அன்றைக்கே கற்பிக்கலாம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்க, தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவே உண்டு. புஞ்சையில் கேழ்வரகை விட்டொழித்த குடும்பங்கள் இக்கணக்கைக் கவனிப்பது நல்லது.

சமையல் பெண்களுக்குரிய பாடம் என்று பையன்களை வெளியே நிறுத்துவது தவறு. கலியாண வீட்டில் ஆயிரம் பேருக்குச் சமைப்பவர் பெரும்பாலும் ஆண்களாயிருக்க, வீட்டில் ஒரு சட்டி கீரை கடைவதில் ஆணுக்கு என்ன இழுக்கோ தெரியவில்லை. பின்லாந்து தேசத்தில் மனையியல் இருபாலார்க்கும் கட்டாயப் பாடம். சிறு பிள்ளைகளை அடுப்பருகே விடலாகாது. அவர்கள் ஆய்தல், அலசுதல், அளத்தல் ஆகியவற்றோடு நிற்கட்டும். உயர்ந்த வகுப்பினர் ஆசிரியர் கண்ணெதிரே அடுப்பில் செய்யலாம்.

பள்ளியில் அடுப்பு ஏற்கெனவே உண்டு. 1920-இல் சென்னை நகரசபை ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவு, 1956-இல் காமராஜர் காலத்தில் விரிந்து, 1982-இல் ஸ்ரீ எம். ஜி. ராமச்சந்திரனால் சத்துணவாக வளர்ந்தது. 2022-இல் காலை உணவும் சேர்ந்தது. தோட்டத்துக் கீரையும் காயும் அந்த உலைக்கே போகவேண்டும். காய் ஆசிரியர் வீட்டுக்கோ, ஊர்ப் பெரியவர் வீட்டுக்கோ ஒரு முறை போய்விட்டாலும், மறுநாள் தாய்மார் பிள்ளைகளை அனுப்பத் தயங்குவர். ஆதலின் பறித்த நாள், நிறை, சென்ற இடம் இம்மூன்றும் எழுதிய பலகை எல்லோரும் பார்க்கும்படி பள்ளி வாசலில் தொங்கட்டும். சமையற்காரருடைய வேலையைப் பிள்ளைகள் தலையில் சுமத்துவதும் கூடாது. வாரத்துக்கு இரண்டு பாட நேரம் போதுமானது.

இதற்கு ஐந்து சென்ட் நிலம் போதும். பள்ளியில் இடமில்லாத ஊரில், அருகிலுள்ள மிராசுதார் கிணற்றடியில் ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தால் தண்ணீர்க் கவலையும் தீரும். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவரும் வேலியும் இருக்கின்றனவா என்பதைக் கிராம அதிகாரி நேரில் பார்த்த பின்னரே பிள்ளைகளை அங்கே விடவேண்டும். முதல் உழவுக்கு ஊராரின் ஏரோ டிராக்டரோ வரட்டும். கடினமான தரையைக் கொத்துவது பிள்ளைகள் வேலையன்று.

ஜூனில் பள்ளி திறந்தவுடன் எருக்குழி எடுத்து முளைச் சோதனை செய்து, ஆடியில் வெண்டை, கொத்தவரை, அவரை, பூசணி விதைக்கலாம். சிறுகீரையும் தண்டுக்கீரையும் ஒரு மாதத்துக்குள் கைக்கு வருவதால், பொறுமை குறைந்த சிறு வகுப்பினருக்கு அவற்றை விடுவது பொருத்தம். ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்காதபடி பாத்தியை உயர்த்திக் கட்டவேண்டும். பல தோட்டங்கள் அழிவது கோடை விடுமுறையில்தான். அதற்கு முன்யோசனையாக முருங்கைப் போத்தும் கறிவேப்பிலையும் பப்பாளியும் வேலியோரம் முதல் ஆண்டிலேயே நட்டிருக்கவேண்டும். ஏப்ரலில் நன்கு காய்ந்த விதைகளைச் சாம்பலில் புரட்டி, வாய் கட்டிய பானையில் இட்டு, பயிரின் பெயரும் தேதியும் எழுதி ஒட்டிப் பள்ளி அலமாரியில் வைத்துவிட்டால், அடுத்த ஜூன் மாதத்து முளைச் சோதனைக்கு விதை கைவசம் இருக்கும்.