வேகம் எங்கே பிறக்கிறது?

கணிப்பொறியின் வேகம் எதில் இருக்கிறது என்று கேட்டால், நம் மாணவருள் பலர் உடனே மெகாஹெர்ட்ஸ் கணக்கைச் சொல்வர். அது பாதி விடைதான். மறுபாதியை விளக்கப் பழைய வீட்டுக் கணிப்பொறி ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். 1987-இல் காமடோர் நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்த அமிகா 500 அது.

அதன் செயலி மோட்டரோலா 68000. ஐரோப்பிய மாதிரியில் அதன் கடிகாரம் விநாடிக்குச் சுமார் 70.9 லட்சம் முறை துடிக்கும். நினைவகத்திற்கு ஒருமுறை சென்று வர 4 துடிப்பு வேண்டும். அதாவது ஏறத்தாழ 564 நானோவிநாடி. ஒரு நடையில் அது கொண்டு வருவது 2 பைட்டு.

அந்த நினைவகமும் செயலிக்கு மட்டும் உரியதன்று. படம் காட்டும் சில்லுகளும் ஒலி எழுப்பும் சில்லும் அதே 512 கிலோபைட்டைப் பங்கிட்டுக்கொள்கின்றன. நிறங்கள் குறைவாயின் இடையூறு இல்லை. 640 புள்ளி அகலத்தில் 16 நிறம் கேட்டாலோ, ஒவ்வொரு வரிக்கும் படத்தரவு எடுக்கப்படும் நேரம் முழுவதும் வழி அடைபடும். செயலி காத்து நிற்கும். விடுதிச் சமையற்காரர் எவ்வளவு விரைவாகக் காய் நறுக்கினால் என்ன? சரக்கறை வாயிலில் வேறொருவர் நின்றால் அவர் கை சும்மாதானே இருக்கும்!

ஆகவே, விரைவான செயலியை மட்டும் மாற்றிப் பயனில்லை. நல்ல முடுக்கி அட்டை மூன்று உதவிகளைச் சேர்த்தே செய்கிறது.

முதலாவது, அட்டையிலேயே செயலிக்குத் தனி நினைவகம் உண்டு. படச் சில்லுகள் அங்கே நுழைவதில்லை.

இரண்டாவது, பாதை அகலமாகிறது. 68030 செயலியுள்ள அட்டையில் ஒரு நடைக்கு 4 பைட்டு வரும்.

மூன்றாவது, அச்செயலிக்குள்ளேயே கட்டளைக்கு 256 பைட்டும் தரவுக்கு 256 பைட்டும் கொண்ட கேஷ் நினைவகம் உண்டு. திரும்பத் திரும்ப ஓடும் சிறு கட்டளைத் தொகுதிக்கு வெளியே செல்ல வேண்டுவதே இல்லை.

இனிக் கணக்குப் பார்ப்போம். 25 மெகாஹெர்ட்ஸ் 68030, சாதாரண முறையில், காத்திருப்பின்றி 3 துடிப்பில் ஒரு நடை முடிக்கும், 120 நானோவிநாடி. பழைய செயலிக்கு ஒரு பைட்டுக்கு 282 நானோவிநாடி, புதியதற்கு 30. கடிகாரம் கூடியது மூன்றரை மடங்கே. நினைவக வேகமோ ஒன்பது மடங்குக்கு மேல்! நினைவகச் சில்லுகள் மெதுவானவையாயின் காத்திருப்புத் துடிப்புகள் சேர்ந்து இந்த ஆதாயம் குறையும்.

ஓர் எல்லையும் உண்டு. திரைப்படிமம் இருப்பது பழைய பொது நினைவகத்தில். அங்கே எழுத வரும்போது புதிய செயலியும் பழைய நடைதான் நடக்க வேண்டும். கணக்கு வேலை பறக்க, படவேலை அந்த அளவு விரையாதது இதனால்தான்.

இது பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். இன்றைய மடிக்கணினிகள் பலவற்றிலும் படம் வரையும் பகுதி, செயலியின் நினைவகத்தையே பங்கிட்டுக்கொள்கிறது. நண்பர்களே, அடுத்த முறை கணினி வாங்கச் செல்லும்போது செயலியின் எண்ணோடு நில்லாமல், நினைவகத்தின் வேகத்தையும் பாதையின் அகலத்தையும் கேட்டறியுங்கள்.