பிள்ளைக்கு ஊசி எப்போது?

மழைக் குளிர் தொடங்கிவிட்டால் தோட்டத்து டிஸ்பென்சரி வாசலில் ஒரே பேச்சுத்தான்: "ஐயா, பாணி மருந்து கேக்காது, ஒரு ஊசி போட்டு விடுங்க." போடாமல் அனுப்பினால் சரியாகப் பார்க்கவில்லை என்று கோபம் வேறு.

தாய்மாரே, ஊசி பெரிய மருந்து, பாணி சின்ன மருந்து என்று இல்லை. சாதாரணத் தடிமல் வைரசால் வருவது; அதற்கு அன்டிபயோட்டிக்கை ஊசியாகப் போட்டாலும் கேட்காது. பக்டீரியாவால் வரும் லேசான நிமோனியாவுக்குக்கூட வாயால் கொடுக்கும் அமொக்சிசிலின் பெரும்பாலும் போதும்.

அப்போ ஊசி எதுக்கு? பிள்ளை பால் குடிக்கவில்லை, குடிப்பதெல்லாம் வாந்தி, வலிப்பு, எழுப்பியும் கண் திறக்கவில்லை, மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பக்கம் உள்ளே போகிறது என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரண்டு மாதத்துக்குக் குறைந்த பச்சைப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், உடம்பு சில்லிட்டாலும் அப்படித்தான். விடியட்டும், பிரட்டு முடியட்டும் என்று இருக்காதீங்க. 1990 சுவசெரிய அம்புலன்சுக்குக் காசு இல்லை.

வாட்டில் பல தாய்மார் கேட்பது: "பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கு ஒரு தடவைதான், என் பிள்ளைக்கு மட்டும் நாலு தடவை குத்துறாங்களே?" மருந்துக்கு மருந்து வித்தியாசம். பென்சிலின் சில மணி நேரத்தில் சிறுநீரோடு போய்விடும். அதனால் பெரும்பாலும் 6 மணிக்கு ஒரு தடவை போடுகிறார்கள். ஜென்டாமைசின், செப்ட்ரியாக்சோன் பொதுவாக நாளுக்கு ஒரு தடவை போதும். ஜென்டாமைசின் கூடினால் காதையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பிள்ளையைத் தராசில் நிறுத்துப் பார்த்து அளவு போடுவது அதனால்தான்.

இரண்டாம் நாள் காய்ச்சல் விடும், பிள்ளை சிரிக்கும். அப்போதுதான் தாய்க்கு லயத்து ஞாபகம். பேர் போகுது, மற்றப் பிள்ளைகளைக் கிழவிதான் பார்க்கிறாள். அது சின்ன விஷயம் இல்லை, எங்களுக்கும் தெரியும். ஆனால் காய்ச்சல் விட்டது என்றால் கிருமி குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். சொல்லாமல் தூக்கிக்கொண்டு வராமல், "பாணியாக மாற்றலாமா?" என்று டாக்டரிடம் வாய் திறந்து கேளுங்க. நிமோனியாப் பிள்ளை நன்றாகக் குடிக்கத் தொடங்கினால் பல நேரம் மாற்றித் துண்டு வெட்டுவார்கள். மூளைக்காய்ச்சலுக்கு மட்டும் அப்படி மாற்ற முடியாது. சொன்ன நாள் முழுவதும் ஊசிதான்.

முன்பு ஏதாவது மருந்துக்குப் பிள்ளையின் உடம்பு தடித்திருந்தால், மூச்சு முட்டியிருந்தால், முதல் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்க. மருந்தின் பேரைக் கிளினிக் காட்டில் எழுதி வாங்கி வையுங்க.