லாட்ஜில் கிடைத்த பொருள்: எடுத்தவுடன் எழுதி வையுங்கள்



பழனி, ராமேஸ்வரம், வேளாங்கண்ணி, கொடைக்கானல் போன்ற ஊர்களில் லாட்ஜ் வேலைக்குப் போகும் பெண்களுக்கு இந்தப் பாடம். ஆள் காலி செய்துபோன ரூமில் தலையணைக்கு அடியில் மோதிரம், குளியலறை ஆணியில் செயின், சார்ஜரோடு செல்போன் என்று ஏதாவது கிடக்கும்.

"நாமதான் எடுக்கலையே, நமக்கென்ன பயம்?" என்று இருந்துவிடாதீர்கள். பொருளைக் காணோம் என்றால் முதல் கேள்வியே "ரூமைக் கூட்டினது யாரு?" என்பதுதான். அப்போது நமக்குச் சாட்சி, எழுதி வைத்த நோட்டு.

செய்ய வேண்டியவை:

1. வேலை முடியட்டும் என்று முந்தானையில் முடிந்து வைக்காதீர்கள். உடனே மேற்பார்வையாளரையோ பக்கத்து ரூமில் வேலை செய்பவரையோ கூப்பிட்டுக் காட்டுங்கள்.

2. பணம் என்றால் இரண்டு பேர் முன்னால் எண்ணுங்கள். பூட்டிய பையைத் திறக்காதீர்கள்.

3. ரிசப்ஷனில் ஒப்படைத்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள்: தேதி, நேரம், ரூம் நம்பர், கிடந்த இடம், எடுத்தவர் பெயர், வாங்கியவர் கையெழுத்து. நகையைத் "தங்கச் செயின்" என்று எழுதாமல் "மஞ்சள் நிறச் செயின்" என்று எழுத வேண்டும். அது கவரிங்காக இருந்தால், மாற்றி வைத்ததாகப் பழி நம்மேல் வரும்.

4. பொருளைக் கேட்டு வருபவர் அடையாளத்தை அவரே சொல்லட்டும். நாம் முந்திக்கொண்டு சொல்லக் கூடாது. கொடுக்கும்போது கையெழுத்து வாங்க வேண்டும்.

5. தங்கியவர் வீட்டுக்கு நாமே போன் போட வேண்டாம். யார் தங்கினார், என்ன விட்டுப்போனார் என்று வெளியில் பேசவும் வேண்டாம்.

சட்டம் சொல்வது:

அடுத்தவர் பொருளைக் கண்டெடுத்துத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்பவர் அதைப் பத்திரமாகப் பாதுகாக்க வேண்டும் என்கிறது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 71-வது பிரிவு. அதை நேர்மையின்றித் தனதாக்கிக்கொண்டால் 6 மாதத்துக்குக் குறையாமல் 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. இது 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-வது பிரிவு.

நம் குழுவில் பத்து ரூபாய் சேமிப்பு என்றாலும் வரவு வைத்துக் கையெழுத்துப் போடாமல் விடுவதில்லை. அந்தப் பழக்கத்தை வேலை இடத்துக்கும் கொண்டு போவோம். அங்கே நோட்டு இல்லையென்றால், "ஒரு நோட்டு போட்டு வைங்க சார், உங்களுக்கும் நல்லது" என்று முதலாளியிடம் தயங்காமல் கேளுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேச:

• உங்கள் வேலை இடத்தில் இப்படி நோட்டு இருக்கிறதா?

• உறுப்பினர் ஒருவர்மேல் வீண்பழி வந்தால் குழு எப்படித் துணை நிற்கும்?